நூற்றுக்கு இரண்டு

சென்னை மாநகரத்துக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் அது செங்கற்பட்டுச் சீமையை நோக்கிக் கை நீட்டுவது ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கம். புழல் ஏரி பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியும் அவ்வாறே. பூண்டி நீர்த்தேக்கம் அமைந்த இடமும் அவ்வாறே. 1997இல் அந்த ஜில்லா காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது; 2019 நவம்பரில் காஞ்சீபுரத்திலிருந்து செங்கற்பட்டு மீண்டும் தனி ஜில்லாவாயிற்று. பெயர்ப் பலகைகள் மாறினவேயன்றி, கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது மாறவில்லை. ஏரித் தண்ணீர் போதாமற் போகவே, இப்பொழுது அந்தச் சீமையின் கடலும் நகரத்தின் குழாய்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நெம்மேலி என்னும் சிற்றூரில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்று 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் அளவு. அது போதாதென்று கண்டு, அதன் பக்கத்திலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை சுமார் 1,516 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. அதையடுத்த பேரூரில், ஜப்பானியக் கடனுதவியுடன் 4,276 கோடி ரூபாய் மதிப்பில், நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரத்தக்க மூன்றாவது ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இம்மூன்றும் முழு அளவில் ஓடுமாயின், அந்தச் சிறு கரையோரத்திலிருந்து மட்டும் நாள்தோறும் 65 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

இவ்வேலைகளை நாம் ஆக்ஷேபிக்க முன்வரவில்லை. தண்ணீரில்லாத நகரத்தில் தர்மமும் இல்லை, தொழிலும் இல்லை. ஆலையைப் பெருக்குவதும் பழுதுபார்ப்பதும் சர்க்காரின் கடமை. அதைச் செய்தவர் எக்கக்ஷியினராயினும் பாராட்டுவதே முறை. ஆனால், இத்தனை கோடி லிட்டருக்கும் இத்தனை கோடி ரூபாய்க்கும் நடுவே ஒரு சிறு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. எந்தக் கரையில் ஆலை நிற்கிறதோ, எந்தக் கடலிலிருந்து நீர் எடுக்கப்படுகிறதோ, அந்தக் கரையில் வாழும் ஜனங்களுக்கு அந்தத் தண்ணீரில் சட்டப்படியான பாத்தியதை என்ன? இக்கேள்விக்கு விடை காணாமல் ஆலைகளைப் பெருக்கிக்கொண்டே போவது நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் பழைய சரித்திரம் ஒன்றை நினைவுகூர்வது அவசியம். 1872 முதல் புழல் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயின் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, வடிகட்டப்படாமலே நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்டது. 1914இல் ஸ்பெஷல் இஞ்சினீயர் மாட்லி துரையின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. 1961இல் நகரத்தின் ஜனத்தொகை 6,60,000 ஆகலாமென்று மதித்து, அதற்குப் போதுமானவாறு அந்த நிலையத்தை அமைத்தார்கள். நடந்ததென்ன? 1941ஆம் வருஷத்துக் கணக்கிலேயே நகர ஜனத்தொகை 7,77,000ஐத் தாண்டிவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் போதுமென்று எண்ணியது கால் நூற்றாண்டுக்குச் சற்று மேலேயே போதாமற் போயிற்று.

அந்தச் சமயத்தில் மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி பட்டபாடு தமிழ்நாடு அறிந்தது. யுத்த காலத்தில், அந்நிய ஆட்சியின் ஆயிரம் தடைகளுக்கிடையே, பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டியே தீரவேண்டுமென்று அவர் வாதாடினார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதைக் கண்ணாற் காண அவர் இல்லை. 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். இன்று அது சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்குகிறது. அதன் பின்னரும் நகரம் திருப்தியடையவில்லை. 1996இல் கிருஷ்ணா நதி நீர் வந்தது. 2004இல் வீராணத்திலிருந்து குழாய் வந்தது. 2007இல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் வந்தது. 2010இல் வடக்கே மீஞ்சூரிலும், 2013இல் தெற்கே நெம்மேலியிலும் கடல் நீர் ஆலைகள் வந்தன. கீழ்ப்பாக்கத்துப் பழைய நிலையமும் நூறு வருஷங்களுக்கு மேலாகப் பலமுறை புதுப்பிக்கப்பட்டும் பெருக்கப்பட்டும் இன்றளவும் உழைத்து வருகிறது.

இவ்வளவையும் எடுத்துரைத்ததன் நோக்கம் யாதெனின், நீர்நிலையம் என்பது ஒருமுறை கட்டி முடிந்துவிடும் வேலையன்று. கட்டுவது, பழையதாவது, போதாமற் போவது, புதுப்பிப்பது, பெருக்குவது என்ற சக்கரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். நெம்மேலியின் முதல் ஆலையும் இவ்விதிக்கு விலக்கன்று. உப்பை நிறுத்தி நீரை மட்டும் விடுகின்ற மெல்லிய சவ்வுகளே அவ்வாலையின் உயிர். அவை சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்பட வேண்டியவை. வடகிழக்குப் பருவமழையிலும் புயற்காலத்திலும் கடல் கலங்கி நீர் சேறாகும்போது, அந்தச் சவ்வுகள் அடைபடாமலிருக்க உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. அந்த அநுபவத்தைக் கொண்டே இரண்டாவது ஆலையில் கலங்கலை முன்னதாகப் போக்கும் ஏற்பாடுகள் அதிகமாகச் செய்யப்பட்டன. இனிமேலும் புதுப்பிக்கும் வேலைகள் வரும். பெருக்கும் வேலைகளும் வரும். ஒவ்வொரு முறையும் புதிய மதிப்பீடு, புதிய உத்தரவு, புதிய ஒப்பந்தம் எழுதப்படும். ஒப்பந்தம் எழுதும் வேளையில் வாய்திறவாதவன் பின்னால் நியாயஸ்தலத்தில் அழுது பயனில்லை என்பதை வக்கீல் தொழிலில் பழகிய எவரும் சொல்வர்.

கரையோரத்தார் இந்த வேலைக்குக் கொடுப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். நிலம் அவர்கள் ஊரில் இருக்கிறது. கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பெருங்குழாய் பதித்து நீர் எடுக்கப்படுகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எடுத்த நீரில் பாதிக்கும் குறைவான பங்கே நல்ல தண்ணீராகிறது. அதாவது, நூறு குடம் குடிநீர் வேண்டுமானால் இருநூறு குடத்துக்கு மேல் கடல் நீர் இறைக்க வேண்டும். எஞ்சிய பாதிக்கு மேற்பட்ட நீர், இருமடங்கை நெருங்கும் உப்புடன், வேறொரு குழாயின் வழியாக அதே கடலுக்குத் திரும்பிப் போகிறது. தண்ணீர் வடக்கே நகரத்துக்குப் போகிறது. உப்பு கரைக்கெதிரேயே தங்குகிறது. இதைவிடச் சுருக்கமாக இந்த வியாபாரத்தை விவரிக்க முடியாது.

அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் மீனவர்கள். சூளேரிக்காட்டுக்குப்பம் முதலான ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள், ஆலை வந்த பிறகு தங்கள் கரையைக் கடல் அரித்துச் செல்வதாகவும், கரைக்கடலில் மீன்பாடு குறைந்துவிட்டதாகவும் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். அரிப்புக்கு ஆலைதான் காரணமா, துறைமுகங்களும் கல் சுவர்களும் காரணமா, அன்றி எல்லாமும் சேர்ந்து காரணமா என்பது நிபுணர்கள் அளந்து தீர்மானிக்க வேண்டிய விஷயம். விசாரணைக்கு முன் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால், ஒரு பெரிய வேலையின் பாரம் யார் வாசலில் இறங்குகிறதோ அவனுக்கு அதன் பயனில் முதற் பங்கு உண்டு என்பதற்கு நிபுணர் சாட்சியம் வேண்டியதில்லை. சாதாரண நியாய புத்தியே போதும்.

இனி அவர்களுக்குக் கிடைப்பது என்ன? இங்கேதான் நாம் சட்டப் புஸ்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தை உண்டாக்கிய 1978ஆம் வருஷத்துச் சட்டத்தின் பெயரே 'சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்றல் சட்டம்' என்பது. வாரியத்தின் கண் பெருநகரத்தின் மேலேயே வைக்கப்பட்டிருக்கிறது. நெம்மேலியோ அச்சட்டம் பிறந்த நாளில் பெருநகர எல்லைக்கு வெளியே, தெற்கே இருந்த ஊர். வெளியூரில் இருந்து எடுப்பதற்கு வழி செய்துகொண்டவர்கள், வெளியூருக்குக் கொடுக்கும் கடமையை எழுதிக்கொள்ளவில்லை.

பேரூர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிய காலத்தில், சென்னை, தாம்பரம் கார்ப்பொரேஷன்களோடு சென்னையை ஒட்டிய 20 பஞ்சாயத்துக்களும் சேர்ந்து 22,67,000 ஜனங்கள் பயனடைவார்கள் என்று சொல்லப்பட்டது. சந்தோஷமே. ஆனால் சொற்களை நிறுத்துப் பார்ப்பது நமது தொழில். 'சென்னையை ஒட்டிய' பஞ்சாயத்துக்கள் என்றார்கள். 'ஆலையை ஒட்டிய' பஞ்சாயத்துக்கள் என்று சொல்லவில்லை. நகரத்துக்கு அண்மையில் இருப்பது ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது. தண்ணீர் பிறக்குமிடத்துக்கு அண்மையில் இருப்பது ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை. இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது வியாஜ்யம் முழுவதும்.

இவ்விடத்தில் சிலர் குறுக்கிட்டு, 'ஊரில் குழாய் இருக்கிறதே, லாரி வருகிறதே' என்று சொல்லக்கூடும். இன்றைக்கு எந்தக் குழாயில் எத்தனை குடம் வருகிறது என்பது நமது கேள்வியன்று. வருகின்ற தண்ணீர் உரிமையால் வருகிறதா, தயவால் வருகிறதா என்பதே கேள்வி. தயவால் வருவது நகரத்தில் பஞ்சம் வந்த மறுநாளே நின்றுவிடும். உரிமையால் வருவதை நிறுத்த வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். காரணம் போதாதாயின் நியாயஸ்தலம் கேட்கும். இவ்வித்தியாசம் காகிதத்தில் ஒரு வரி. கோடையில் ஒரு கிராமத்தின் ஜீவன்.

2019ஆம் வருஷத்துக் கோடையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லக்ஷம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வண்டி சென்னைக்கு வந்தது. நகரத்துக்கு ஆபத்து என்றவுடன் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வழி கண்டுபிடித்த சர்க்காருக்கு, ஆலையின் மதிற்சுவருக்கு அடுத்த ஊருக்குக் குழாய் போட வழி தெரியாது என்று யார் சொல்வார்கள்? வழி தெரியாமலில்லை, எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைப்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு அந்நிய தேசத்து உதாரணம் ஒன்று காட்டுகிறோம். சிங்கப்பூர் நகரம் தண்ணீருக்காக அடுத்த ஜோஹூர் ராஜ்யத்தை நம்பியிருப்பது நம்மவர் பலருக்கும் தெரியும். 1962இல் ஜோஹூர் ராஜ்யத்துக்கும் சிங்கப்பூர் நகரசபைக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜோஹூர் நதியிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் கண்டிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. எடுக்கும் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீரை, குறிப்பிட்ட விலைக்கு, ஜோஹூர் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பாத்தியதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அதன் ஆயுள் 2061 வரை. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானபோதும், பிரிவினை உடன்படிக்கையிலேயே இந்தத் தண்ணீர் ஒப்பந்தம் உறுதி செய்யப்பட்டது. விலையைப் பற்றி இரு நாடுகளுக்கும் பிற்காலத்தில் பல சச்சரவுகள் நேர்ந்ததுண்டு. ஆயினும், தண்ணீர் கொடுத்தவனுக்குத் தண்ணீரில் பங்கு உண்டு என்ற தத்துவத்தை இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரு வேறு தேசங்கள் செய்துகொண்ட நியாயத்தை, ஒரே ராஜ்யத்துக்குள், ஒரே பாஷை பேசும் சகோதரர்கள் செய்துகொள்ள முடியாதா?

ஆகவே நாம் கேட்பதும் அந்த நூற்றுக்கு இரண்டுதான். கணக்கைப் பார்ப்போம். மூன்று ஆலைகளின் முழு அளவு 65 கோடி லிட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு என்பது 1 கோடியே 30 லக்ஷம் லிட்டர். கிராமங்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று மத்திய சர்க்காரின் ஜல் ஜீவன் திட்டம் அளவு வகுத்திருக்கிறது. அந்த அளவின்படி இந்தத் தண்ணீர் 2,36,000 பேருக்குப் போதுமானது. மாமல்லபுரத்தின் ஜனத்தொகை 2011ஆம் வருஷத்துக் கணக்கில் சுமார் 15,000. அவ்வூருக்கு நகரங்களுக்குரிய அளவான தலைக்கு 135 லிட்டர் வீதம் கொடுத்தாலும், நாளொன்றுக்கு 20 லக்ஷம் லிட்டருக்குச் சற்று மேலேதான் செலவாகும். மிச்சமுள்ள தண்ணீரில் கரையோரத்துக் குப்பங்களும் கிராமங்களுமாக இரண்டு லக்ஷம் ஜனங்கள் தாகந்தீரலாம். நகரத்துக்குச் செல்வது அப்பொழுதும் 63 கோடியே 70 லக்ஷம் லிட்டர். தொண்ணூற்றெட்டுப் பங்கை எடுத்துக்கொள்ளும் அண்ணன், இரண்டு பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதால் ஏழையாகிவிட மாட்டான்.

இதற்கு எழக்கூடிய ஆக்ஷேபங்களையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம்.

கடல் நீரைக் குடிநீராக்குவது செலவு மிகுந்த காரியம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வரை மின்சாரம் வேண்டும். இவ்வளவு விலையுயர்ந்த தண்ணீரைக் கிராமங்களுக்குக் கொடுப்பதைவிடக் கிணறும் ஏரியும் மலிவல்லவா என்பது முதலாவது. ஏரிகளைத் தூர்வாரிக் காப்பாற்ற வேண்டுமென்பதில் நமக்கு மாறுபாடில்லை. செங்கற்பட்டு ஏரிகளின் சீமை. அதன் ஏரிகளைக் காப்பதே முதற் பாதுகாப்பு. ஆனால், கடற்கரை மணலில் ஊறும் நல்ல நீர் என்பது உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம் போன்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் ஆழ்கிணறுகளில் இறைத்து இறைத்துக் கடல் நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டதை நாடு கண்டிருக்கிறது. தென்கரையிலும் விடுதிகளும் மாளிகைகளும் பெருகிக் கிணறுகள் ஆழமாகும் இக்காலத்தில், குப்பத்துக் கிணறு நித்தியம் என்று யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது. நிலத்தடி நீரைக் காக்க 2003இல் இயற்றப்பட்ட ராஜ்யச் சட்டமும் அமுலுக்கு வராமலே 2013இல் ரத்து செய்யப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. மேலும், அருகிலுள்ள ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் செலவு, வேளச்சேரிக்கு அனுப்பும் செலவைவிடக் குறைவு. மலிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆலை நகரத்தாரின் தேவைக்கென்று கடன் வாங்கிக் கட்டப்பட்டது. பணம் கொடாதவர்களுக்குப் பங்கு ஏது என்பது இரண்டாவது. கடன் வாங்கியதும் மானியம் கொடுத்ததும் பொதுப் பணம். அப்பணத்தில் சூளேரிக்காட்டு மீனவன் வாங்கும் தீப்பெட்டியின் வரியும் சேர்ந்திருக்கிறது. மேலும் நாம் இலவசம் கேட்கவில்லை. பஞ்சாயத்துக்கள் நியாயமான விலை கொடுக்கட்டும். விலைக்குக்கூட வாங்கும் உரிமை இல்லை என்பதே குறை. சுத்தமான தண்ணீரைப் பெறுவது உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்பதற்கு 1991இல் சுப்ரீம் கோர்ட்டு சுபாஷ் குமார் வழக்கில் சொன்ன வார்த்தையே ஆதாரம். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை, பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்களில் குடிநீரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடமையைப் பஞ்சாயத்துக்கும் தண்ணீரை நகரத்துக்கும் கொடுப்பது என்ன நீதி?

நகரத்தின் தேவை வளர்ந்துகொண்டே போகிறது; இரண்டு பங்கையும் எங்கிருந்து ஈடு செய்வது என்பது மூன்றாவது. நகரத்துக்குள்ளேயே ஈடு செய்யலாம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவு நீரை மும்முறை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019 முதல் நடக்கின்றன. ஒவ்வொன்றின் அளவும் நாளொன்றுக்கு 4 கோடியே 50 லக்ஷம் லிட்டர். இரண்டும் சேர்ந்து 9 கோடி லிட்டர். நாம் கரையோரத்துக்குக் கேட்பது அதில் ஏழில் ஒரு பங்கே ஆகும். கழிவு நீரிலிருந்தே இவ்வளவு மீட்க முடியுமென்று காட்டிய நகரம், இன்னும் ஒரு சிறு நிலையத்தை அமைத்தும், பழைய குழாய்களில் ஒழுகுவதைத் தடுத்தும், இந்த இரண்டு பங்கை எளிதில் திரும்பப் பெறலாம்.

கொடுத்தவர்களை மறந்த நகரங்களின் கதையும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913இல் வெகு தூரத்திலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் அங்கிருந்த பெரிய ஏரி வறண்டு உப்புப் பாலையாயிற்று. பள்ளத்தாக்கு ஜனங்கள் ஆத்திரமடைந்து 1924இல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வறண்ட ஏரியிலிருந்து கிளம்பும் தூசியை அடக்க அந்நகரம் பிற்காலத்தில் கோடிக்கணக்கான டாலரைச் செலவிட நேர்ந்தது. பலாத்காரத்தை நாம் ஒருபோதும் ஆதரிப்பவர்களல்ல. ஆனால், தொடக்கத்தில் கொடுக்க மறுத்த சிறு நியாயம், முடிவில் பெருங்கடனாகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ருசு வேண்டியதில்லை.

நமது சொந்தச் சீமையின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள், அதாவது ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முற்பட்டவை, கோயிற் சுவரில் இன்றும் இருக்கின்றன. குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் 'ஏரி வாரியம்' ஒன்று. அந்த வாரியத்தார் அந்த ஏரித் தண்ணீரைக் குடித்தவர்கள். அதில் பயிர் செய்தவர்கள். கணக்குக் காட்டத் தவறினால் மறுபடியும் வாரியத்தில் உட்காரத் தகுதியற்றவர்கள். இன்றைக்கு நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஸ்தாபனமும் 'வாரியம்' என்ற அதே பழைய பெயரைத் தாங்கியிருக்கிறது. பெயரைக் கடன் வாங்கியவர்கள் அதன் தர்மத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாமா?

பெருநகர எல்லையும் இப்போது பழைய எல்லையன்று. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்ததை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022இல் சர்க்கார் உத்தரவிட்டார்கள். எல்லை விரியும்போது வீட்டுமனை விலை மட்டும் விரிந்தால் போதாது. கடமையும் விரிய வேண்டும்.

ஆதலின், இனிமேல் இக்கரையோரத்து ஆலைகளைப் புதுப்பிப்பதற்கோ, பெருக்குவதற்கோ, நடத்துவதற்கோ எழுதப்படும் ஒவ்வோர் உத்தரவிலும் ஒப்பந்தத்திலும் மூன்று ஷரத்துக்கள் இருந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். முதலாவது, ஆலை இருக்கும் ஊரையும் அதையடுத்த கடற்கரை ஊர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, உற்பத்தியாகும் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு அவற்றுக்கு முதலில் உரியது என்று எழுதுவது. இரண்டாவது, பஞ்ச காலத்தில் நகரத்துக்குக் குறைக்கப்படும் விகிதத்துக்கு மேல் இப்பங்கைக் குறைக்கலாகாது என்று விதிப்பது. மூன்றாவது, கடலுக்குத் திரும்பும் உப்பு நீரின் அளவையும் தரத்தையும், கரை அரிப்பின் அளவையும் மாதந்தோறும் தமிழில் அச்சிட்டு, அந்தந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒட்டுவது. இம்மூன்றையும் சாசுவதமாக்க, 1978ஆம் வருஷத்துச் சட்டத்தில் சட்டசபை ஒரு பிரிவைச் சேர்த்துவிடுமாயின் வருங்காலத்தில் எந்த அதிகாரியும் மறக்க இடமிராது.

சர்க்கார் தாமாகவே இதைச் செய்வார்களென்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கேட்காத உரிமை கிடைத்ததாகச் சரித்திரத்தில் காணோம். கிராமசபைகளைக் கூட்டுவதற்கு இந்நாட்டில் நாட்கள் ஏற்பட்டிருக்கின்றன. 2022 முதல், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகியவற்றோடு மார்ச்சு 22ஆம் தேதியாகிய உலகத் தண்ணீர் தினத்திலும், நவம்பர் 1ஆம் தேதியிலும் தமிழ்நாட்டில் கிராமசபைகள் கூடுகின்றன. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையில் கரையோரத்திலுள்ள ஒவ்வொரு கிராமசபையும் மேற்கண்ட மூன்று ஷரத்துக்களைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கலெக்டருக்கும், வாரியத்துக்கும், தங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினருக்கும் அனுப்பட்டும். நகரத்திலுள்ள தேசத் தொண்டர்களும் சும்மா இருக்கலாகாது. குழாயைத் திருகித் தண்ணீர் குடிக்கும் வேளச்சேரிவாசியும் திருவான்மியூர்வாசியும், அத்தண்ணீர் பிறந்த ஊருக்காக ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது பெரிய தியாகமன்று, நன்றியறிதல் மட்டுமே.

கரையோரத்து மீனவன் இரண்டு வேளை கடலைப் பார்க்கிறான். காலையில் வலை போடப் போகும்போது பார்க்கிறான். மாலையில் திரும்பி வரும்போது பார்க்கிறான். அந்தக் கடலை நகரம் எடுத்துக் குடிக்கட்டும், அவன் தடுக்கவில்லை. எடுத்த கடலில் அவன் வீட்டு அடுப்பங்கரைக்கு ஒரு குடம் அவன் பெயரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை வாங்கிக்கொள்பவர்கள், மீதி இரண்டுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுப்பார்களா?